இஸ்திரிப் பெட்டி கல்லூரிக்குள் போன நாள்

நான் கல்லூரிக்குப் போயிருக்கிறேன். இதை நம்பாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மனைவி, இன்னொருவர் நான். மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நானும் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் வகுப்பறை என்ற இடத்தில் நான் கால் வைத்தது ஒரே ஒரு தடவை. அதுவும் கையில் புத்தகத்தோடு இல்லை, இஸ்திரிப் பெட்டியோடு.

பெங்களூரில் ஒரு கல்லூரியின் பின்பக்கச் சுவரை ஒட்டித்தான் என் இஸ்திரி வண்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மைதானம், மைதானத்தின் ஓரத்தில் என்.சி.சி. அறை. படித்தவர்கள் சாய்ந்த சுவரில் நானும் இத்தனை வருஷம் சாய்ந்திருக்கிறேன். முதுகில் சுண்ணாம்புதான் ஒட்டியதே தவிர, வேறு எதுவும் ஒட்டவில்லை.

அணிவகுப்பு நாட்களில் காக்கிச் சட்டைகள் மூட்டையாக வரும். அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாய் பிளந்துகொள்ளும். மற்ற பிள்ளைகள் போர்வைக்குள் புரண்டுகொண்டிருக்கும் நேரத்தில் இவர்கள் பூட்ஸில் முகம் தெரியத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். நானும் ஒரு நாள் ஒரு பூட்ஸில் என் முகத்தைப் பார்த்தேன். பூட்ஸ்தான் அழகாக இருந்தது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஸ்ரீராம்புரத்திலிருந்து வரும் ஒரு பெண். அங்கே அவளுக்கு சார்ஜென்ட் பதவி. அவள் அம்மா மாநகராட்சியில் தெரு கூட்டுகிறவர். விடியும் முன்னே அம்மாவும் மகளும் ஒரே கண்ணாடி முன்னால் ஆளுக்கொரு யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்புவார்களாம். என் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"அண்ணா, இது இன்னா கை மடிப்பா, ஹெப்பால் ஃப்ளைஓவரா? ரெண்டு ரோடாப் பிரியுது!"

"ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு வர்றதுக்கு சார்ஜென்ட்."

"ரெண்டுமே ஜாம் ஆயிடும். திருப்பிப் போடுங்க."

போடுவேன். அவள் சொன்னால் தட்ட முடியாது. அந்தக் குரல் அப்படி.

அவள் வகுப்பில்தான் ஒரு ஹவல்தாரும் படித்தார். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். கடைசி வருஷங்களில் புதிதாகச் சேர்ந்த வீரர்களுக்கு ஆயுதப் பாடம் எடுக்கும் உஸ்தாதாக இருந்தவர். நாற்பதை நெருங்கும் வயதில், பி.ஏ. படித்து, அப்புறம் பி.எட். முடித்து, ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆக வேண்டும் என்று வந்து சேர்ந்தார். வீடு லிங்கராஜபுரம். மனைவி நர்ஸ். "நீங்க படிங்க, வீட்ட நான் பாத்துக்கறேன்" என்று அந்தம்மா சொல்லி அனுப்பினாராம். என் வீட்டில் நான் படிக்கப் போகிறேன் என்று சொன்னால், முதலில் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அவர் வகுப்புக்குள் நுழைந்த முதல் நாள், புது வாத்தியார் என்று நினைத்து மொத்தப் பிள்ளைகளும் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றார்களாம். இவரும் விறைப்பாக நின்று பதில் வணக்கம் சொல்லிவிட்டு, நேராகப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அந்தச் சிரிப்பு அடங்கவே ஒரு வாரம் ஆனதாம். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் அங்கிள்.

சிரிப்பை அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது செமினார். இரண்டாம் வருஷத்தில் ஒவ்வொருவரும் வகுப்பின் முன்னால் நின்று ஒரு தலைப்பில் பேச வேண்டும். அதற்கு மார்க் உண்டு. இவருக்கு வந்த தலைப்பு அரசாங்கத்தின் மூன்று அங்கங்கள். என்ன நடந்தது என்று சார்ஜென்ட்தான் வந்து சொன்னாள்.

"பத்து நிமிஷம் டைம் குடுத்தாங்கண்ணா. பத்து நிமிஷமும் அட்டென்ஷன்ல நின்னாரு. ஒரு வார்த்த வரல. ஆனா ஒரு அசைவும் இல்ல. முடிஞ்சதும் மேடத்துக்கு சல்யூட் அடிச்சிட்டுப் போய் உக்காந்துட்டாரு."

எனக்குப் புல்லரித்தது. நான் தூக்கத்தில்கூடப் பத்து நிமிஷம் வாயை மூடியதில்லை என்பது என் மனைவியின் நீண்ட நாள் புகார். அந்த மனுஷன் அத்தனை பேர் பார்க்க, அவமானத்தையும் விறைப்பாக நின்று வாங்கியிருக்கிறார்.

வகுப்பு எடுத்த மேடம் நல்லவர். வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு தருகிறேன் என்று சொன்னாராம். ஆனால் அடுத்த நாளே ஹவல்தார் என் வண்டிக்கு வந்து ஒரு சட்டையை நீட்டினார். வெளிர் நீலம், தோளில் பட்டை, பையில் விசில் மாட்ட ஒரு கயிறு.

"அண்ணே, இத நல்லா மடிப்பு வெச்சுப் போடுங்க. திங்கக்கெழம போட்டுக்கிட்டுப் போகணும்."

"யாரு சட்டை இது?"

"என்னுதுதான். அத்திபெலேல ஒரு குடோன். வாட்ச்மேன் வேல."

"அப்போ காலேஜு?"

அவர் சுவரைப் பார்த்தார். "அவ்ளோதான்ணே. முடிச்சுக்கலாம்னு இருக்கேன். வெள்ளிக்கெழம போகப் போறதில்ல."

எனக்குத் துக்கம் வந்தால் வாயில் கிண்டல்தான் வரும். பிறவிக் கோளாறு. "என்னா ஹவல்தாரே, பார்டர்ல குண்டுக்குப் பயப்படாத ஆளு, பத்தொம்பது வயசுப் பசங்களுக்கா பயந்துட்டீங்க?"

"பார்டர்ல எதிராளி கொட்டாவி விடமாட்டான்ணே."

இதைச் சிரிக்காமல் சொன்னார். அப்புறம் மெதுவாக விளக்கினார். இத்தனை வருஷமும் இவர் எதிரே நின்றவர்கள் எல்லாரும் விறைப்பாக நின்றார்களாம், உட்கார்ந்தாலும் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். இங்கே ஒருவன் சாய்ந்து கிடக்கிறான், ஒருவன் போனைத் தடவுகிறான், ஒருத்தி ஜன்னல் வழியே மரத்தைப் பார்க்கிறாள். "யாரப் பாத்துப் பேசறதுன்னே தெரியலண்ணே. தொண்ட அடச்சிக்கிச்சு."

சட்டைகளை வாங்க அந்த நேரம் சார்ஜென்ட்டும் இரண்டு கேடட்களும் வந்து நின்றிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் அந்த நீலச் சட்டை மேலேயே இருந்தது. நான் ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் ஹவல்தாரிடம் கேட்டது வேறு.

"அண்ணே, ஒரு ஹெல்ப். ஜூனியர்ஸுக்கு ரைஃபிளக் கழட்டிப் பூட்டற பாடம் நான் எடுக்கணும். எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

பச்சைப் பொய். கண்ணைக் கட்டிக்கொண்டு அவள் ரைஃபிளைக் கழற்றிப் பூட்டியதை அந்தச் சுவர் மேல் தாடையை வைத்துக்கொண்டு நானே பார்த்திருக்கிறேன். பொய் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

ஹவல்தார் நிமிர்ந்தார். "ரைஃபிள் எங்க?"

"உள்ள பூட்டி இருக்கு."

அவர் சுற்றிப் பார்த்தார். என் வண்டி மேல் பெட்டி புகைந்துகொண்டிருந்தது. "அண்ணே, கரிய எடுங்க."

எடுத்தேன். அதற்கப்புறம் நடந்ததை என்னால் சரியாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. கொஞ்சம் முன்னால் தொண்டை அடைத்துக்கொண்டு நின்ற அந்த மனுஷன் காணாமல் போய்விட்டார். அந்த இடத்தில் வேறொருவர் நின்றார். குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பின. தெருவில் போன ஆட்டோக்காரர் பிரேக் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மீட்டரைப் போட்டார். நான் என்னை அறியாமல் நேராக நின்றேன். என் முதுகு அவ்வளவு நீளம் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

பட்டாளத்தில் பாடத்துக்கு ஒரு வரிசை உண்டாம். முதலில் பாடத்தின் பெயர். அப்புறம் அதை ஏன் கற்க வேண்டும் என்பது. அப்புறம் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, பெயர் சொல்லி, வரிசையாக வைப்பது. அப்புறம் கடைசியில் வைத்ததை முதலில் எடுத்துப் பூட்டுவது. என் பெட்டியின் மூடி, கொக்கி, கைப்பிடி எல்லாம் ஆயுதம் மாதிரி என் துணி விரிப்பில் வரிசை கட்டி நின்றன. முடிவில் அவர் கேட்டார்:

"கோயி ஷக்?"

ஏதாவது சந்தேகம் உண்டா என்று அர்த்தமாம். கேடட்கள் மூன்று பேரும் ஒரே குரலில், "நஹீ உஸ்தாத்!" என்றார்கள். இல்லை உஸ்தாத் என்றுதான் சொல்ல வேண்டுமாம். அதுதான் வழக்கம், சந்தேகம் இருந்தாலும். எனக்கு ஏகப்பட்ட சந்தேகம் இருந்தது. இருந்தும் நால்வரில் சத்தமாகக் கத்தியது நான்தான்.

சார்ஜென்ட் மெல்லச் சொன்னாள்: "அண்ணே, வெள்ளிக்கெழம நீங்க செமினார்ல பேச வேணாம். பாடம் எடுங்க. இதே மாதிரி."

"சட்டசபைய எப்படிம்மா கழட்டறது?"

"ரைஃபிளயே கழட்டறீங்க!"

அவர் நீலச் சட்டையைப் பார்த்தார், என் பெட்டியைப் பார்த்தார். "இந்தப் பெட்டி ரெண்டு நாளைக்குச் சாயங்காலம் கெடைக்குமாண்ணே?" என்றார்.

அந்தச் சாயங்காலங்களை நான் மறக்க மாட்டேன். மைதானத்தில் கேடட்களை உட்கார வைத்து அவர் ஒத்திகை பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் ஆணி அடித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்தால் என்ன பயன்? வகுப்பில் அவரை முடக்கியதே பிள்ளைகள் சாய்ந்து கிடந்ததுதானே? சார்ஜென்ட் முன்னால் வந்து நின்று கட்டளை போட்டாள்.

"முதுகு... சாய்! இன்னும் சாய்! மூணாவது ஆளு, ஏன் இன்னும் நேரா இருக்க? போன்... எடு! கொட்டாவி... விடு!"

எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடின.

"தப்பு! சேந்து விடாதீங்க. வகுப்புல யாரும் சேந்து விடமாட்டாங்க. ஒருத்தர் விட்டு ஒருத்தர்!"

பாவம், ஒரு பையனுக்கு எவ்வளவு முயன்றும் சாயவே வரவில்லை. அவனுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். மட்டமான மாணவனாக உட்கார ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. உட்கார்ந்த மாத்திரத்தில் சார்ஜென்ட், "எல்லாரும் அண்ணாவப் பாருங்க, இதான் கரெக்ட்" என்றாள். என் வாழ்நாளில் ஒரு கல்வி நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

அந்தக் கொட்டாவிகளுக்கு முன்னால் அவர் நின்றார். முதல் தடவை குரல் உடைந்தது. அடுத்த தடவை பாதி வரை வந்தது. அப்புறம் நான் குறட்டை விட்டும்கூட அவர் பேச்சு நிற்கவில்லை. தங்களுக்குப் பரீட்சை இருக்கும்போது, ஒரு பெரிய மனுஷன் வாத்தியார் ஆக வேண்டும் என்று இருட்டும்வரை அந்தப் பிள்ளைகள் புல்லில் சாய்ந்து கிடந்தார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது எழுந்து, முதுகை நிமிர்த்தி, பழையபடி கம்பீரமாக நடந்து போனார்கள். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

வெள்ளிக்கிழமை வண்டியை மூடினேன். பெட்டியை நானே தேய்த்துத் துடைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் காவலாளி மறித்தார்.

"எங்கய்யா போற?"

"பொலிட்டிகல் சயின்ஸ்."

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வழி விட்டார். பெட்டிக்குத்தான் மரியாதை என்று நினைக்கிறேன்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் மின்விசிறி. பெஞ்சு பூராவும் யார் யாரோ செதுக்கிய பெயர்கள். எவ்வளவு பேர் இங்கே உட்கார்ந்து சலித்துப் போயிருக்கிறார்கள் என்று நினைக்க எனக்குப் பொறாமையாக இருந்தது. என் பக்கத்தில் ஒரு பையன் சூயிங் கம் மென்றுகொண்டு முக்கால்வாசி படுத்திருந்தான். அங்கிள் என்ற பெயரை முதலில் வைத்தவன் அவன்தான் என்று சார்ஜென்ட் முன்பே அடையாளம் சொல்லியிருந்தாள்.

"யாரு இவரு?" என்று மேடம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பெட்டிக்கு கார்டியன், மேடம்" என்றாள் சார்ஜென்ட். வகுப்பு சிரித்தது. நான் எழுந்து கும்பிட்டேன்.

ஹவல்தார் முன்னால் போனார். மேஜை மேல் பெட்டியை வைத்தார். கன்னடத்தில் தொடங்கி இடையிடையே இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரிந்தவரை தமிழில் சொல்கிறேன்.

"பாடத்தின் பெயர், அரசாங்கம். எதுக்குக் கத்துக்கணும்? இது நம்ம மேல தினமும் ஓடுது. கழட்டிப் பாக்காட்டி எது சுடுதுன்னு தெரியாது."

கைப்பிடியைக் கழற்றி வைத்தார். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லுவது இது, சட்டசபை. "மரத்துல செஞ்சிருக்காங்க. சூடு தெரியாத எடத்துல உக்காந்துக்கிட்டு வழி சொல்லும்." பிள்ளைகள் சிரித்தார்கள். இந்தத் தடவை அவரைப் பார்த்து இல்லை, அவரோடு சேர்ந்து. அடித்தட்டைத் தட்டினார். துணியைத் தொடுவது இது மட்டும்தான், நிர்வாகம். அப்புறம் விரல் அளவு இருக்கும் கொக்கியைக் காட்டினார். "இது நீதிமன்றம். துணியத் தொடாது, வழியும் சொல்லாது. ஆனா இது கழண்டா மூடி தெறந்து, நெருப்பு பூரா துணி மேல." பக்கவாட்டு ஓட்டைகளில் விரல் வைத்தார். "இது நாம கேக்கற கேள்வி. அடச்சிட்டா பெட்டி பாக்க அழகா இருக்கும். உள்ள நெருப்பு செத்துடும்."

 இத்தனை வருஷமாக நான் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தது அரசாங்கத்தையா? தெரிந்திருந்தால் கோபம் வந்தபோதெல்லாம் அதை வண்டி மேல் டம்மென்று வைத்திருக்க மாட்டேனே.

ஒவ்வொன்றாகப் பூட்டி முடித்து, விறைப்பாக நின்று, வழக்கப்படி கேட்டார்: "கோயி ஷக்?"

வகுப்பிலிருந்த கேடட்கள் வாயைத் திறக்கும் முன், என் பக்கத்துப் பையன் கையைத் தூக்கினான்.

"இருக்கு அங்கிள். அப்போ சட்டை யாரு?"

ஒத்திகையில் இது இல்லை. கொட்டாவிக்குத் தயார் செய்திருந்தோம், குறட்டைக்குத் தயார் செய்திருந்தோம். கேள்விக்குத் தயார் செய்யவில்லை. பதினேழு வருஷத்தில் அவர் எத்தனையோ தடவை அதைக் கேட்டிருப்பார். ஒரு தடவைகூட யாரும் "இருக்கு" என்று சொன்னதில்லை.

அவர் தாடை இறுகியது.  கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன. அதே பழைய நிற்பு. மூன்றாவது பெஞ்சில் சார்ஜென்ட்டின் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவள் கொடுத்தால் அவர் மறுபடி எழ மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு நாக்கில் ஒரு ஜோக் வந்து துடித்தது. பல்லால் கடித்துக்கொண்டேன். மின்விசிறி சுற்றியது. வெளியே அத்திபெலே குடோனின் கதவு திறந்து காத்திருந்தது மாதிரி எனக்குத் தோன்றியது.

அப்போது அவர் இடது கால் நகர்ந்தது. ஒட்டியிருந்த குதிகால்கள் பிரிந்தன. தோள் இறங்கியது. மேஜையின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். சாய்ந்து!

"எனக்குத் தெரியலப்பா" என்றார். "பதினேழு வருஷமா நான் இந்தக் கேள்விய கேட்டிருக்கேன். இருக்குன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. நீதான் மொதல் ஆளு. சட்டை யாருன்னு நீ நெனைக்கற?"

என் பக்கத்துப் பையன் சூயிங் கம்மை விழுங்கிவிட்டான் என்று நினைக்கிறேன். மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தான். நாமதான் சட்டை என்றான். அப்போ கரி யாரு, ஓட்டுப் போடறதும் நாமதானே என்றாள் ஜன்னல் பக்கத்துப் பெண். நம்மளையே எரிச்சு நம்மளையே தேய்க்கறதா என்று இன்னொருவன். மேடமும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேச்சில் சேர்ந்துகொண்டார். மணி அடித்தது. யாரும் எழவில்லை. யாரும் எழவில்லை என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் படித்த காலத்தில் மணி அடிக்கும் முன்னே நான் வீட்டில் இருப்பேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று மேடம் என்னிடம் கேட்டார்.

"சட்டை யாருன்னு தெரியாது மேடம். ஆனா கருகிப் போச்சுன்னா வந்து என்னத்தான் திட்டும்."

அன்று சாயங்காலம் ஹவல்தார் வண்டிக்கு வந்தார். "அந்த நீலச் சட்டை ரெடியாண்ணே?"

மனசே இல்லாமல் எடுத்து நீட்டினேன். பிரித்துப் பார்த்தார். கையில் மடிப்பு இரண்டாகப் பிரிந்திருந்தது. என் கைராசி.

"இன்னொரு தடவ போட்டுத் தாங்கண்ணே. திங்கக்கெழம காலைல திருப்பிக் குடுக்கப் போறேன்."

"திருப்பியா?"

"திருப்பித்தான். அடுத்த வாரம் இன்னொரு செமினார் இருக்கு. அந்தப் பையன் கேள்விக்குப் பதில் தேடணும்."

எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வாயும் வந்தது. "வேணாம்னு குடுக்கற சட்டைக்கு எதுக்கு ஹவல்தாரே மடிப்பு? சுருட்டிக் குடுங்க."

"மரியாதையாக் கூப்ட்டுக் குடுத்தாங்கண்ணே. யாரோ ஒருத்தர் நாளைக்கு இதப் போடுவாரு."

கரியைக் கிளறினேன். தண்ணீர் தெளித்தேன். யாரென்றே தெரியாத ஒருவருக்காக, மூச்சை அடக்கி, பெட்டியை மெல்ல ஓட்டினேன். கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று நடுவில் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் சார்ஜென்ட் நின்றாள். எதற்குத் தேய்க்கிறேன் என்று கேட்கவில்லை. நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். சட்டைக் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பரவால்லண்ணா," என்றாள். "இன்னிக்கு ஒரே ரோடு."